அரிது என்றால் எத்தனை பேருக்கு?

எலும்புப்புரை மருந்துகளின் பக்கவிளைவுகளும் சென்னையில் விடுபடும் கணக்கும்

மயிலாப்பூரிலோ அடையாறிலோ அறுபதைக் கடந்த ஒரு பெண்மணியிடம் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், சுகர், பிரஷர், தைராய்டு, கொலஸ்ட்ரால் என்று விரல் மடக்கிச் சொல்வார். வாரம் ஒருமுறை விழுங்கும் எலும்பு மாத்திரை அந்தக் கணக்கில் பெரும்பாலும் வராது. அது தினசரி மாத்திரைப் பெட்டியில் இருப்பதில்லை. நான்கு மாத்திரை கொண்ட தனி அட்டையாகக் காலண்டருக்குப் பின்னால் செருகப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும். ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றிக்கொள்ளும் ஊசி என்றால் அது மருந்தாகவே நினைவில் நிற்பதில்லை. வற்புறுத்திக் கேட்டால், "அது தேய்மானத்துக்குப் போட்டது" என்பார்.

குழப்பத்தின் தொடக்கம் இந்தத் ‘தேய்மானம்’ என்ற சொல்தான். மூட்டுக் குருத்தெலும்பு தேய்வதும் தேய்மானம், எலும்புக்குள் அடர்த்தி குறைந்து புரையோடுவதும் தேய்மானம். முன்னதற்கு வலி மாத்திரையும் தைலமும் போதும் என்று வீட்டில் முடிவுசெய்துவிடலாம். பின்னதற்குத் தரப்படும் மருந்து எலும்பிலேயே தங்கிவிடும் வேதிப்பொருள். பல் பிடுங்கப் போன இடத்தில் "தேய்மானத்துக்கு ஏதோ சாப்பிடறேன்" என்று சொன்னால், பல் மருத்துவர் கால்சியம் என்றோ முட்டிவலி மாத்திரை என்றோ எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்.

இந்த மருந்துகளுக்குச் சில அரிய, ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் உண்டு. அவற்றைப் பற்றிக் கேட்டால் மருத்துவர்கள் தரும் பதில், "அதெல்லாம் ரொம்ப ரேர்மா, பயப்படாதீங்க." அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் மருந்தியலில் ‘அரிது’ என்பது ஆறுதல் சொல் அன்று, ஓர் எண். ஆயிரத்தில் ஒருவருக்கும் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் இடைப்பட்டது அரிது. அதற்கும் கீழே போனால் மிக அரிது. அந்த எண்ணை யார், யாரிடம், எந்த அளவு மருந்துக்கு எண்ணினார்கள்? அது இந்த ஊருக்குப் பொருந்துமா? இக்கட்டுரை இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது.

உப்புப் படிவிலிருந்து வந்த மருந்து

தி.நகரில் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் கீசர் காயில் மேலும் பக்கெட்டின் உட்புறமும் வெள்ளையாக உப்பு ஏறும். குழாய்களில் இப்படிப் படிவதைத் தடுக்கத் தொழிற்சாலைகளில் பாஸ்பரஸ் சேர்மங்களைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். உடலுக்குள் சுண்ணாம்பு தேவையற்ற இடத்தில் படிவதையும் அதே குடும்பச் சேர்மங்கள் தடுக்குமா என்று தேடிய சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃப்ளைஷும் அவருடைய குழுவினரும், அவை எலும்பு கரைவதையும் தடுப்பதை 1969-ல் வெளியிட்டார்கள். பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் அப்படிப் பிறந்தவை. அலென்ட்ரோனேட் 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரிசட்ரோனேட், ஐபன்ட்ரோனேட், ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஜோலட்ரோனிக் அமிலம் ஆகியவை பின்னால் வந்தன.

எலும்பு ஓயாமல் வெட்டப்பட்டு மறுபடி கட்டப்படும் பொருள். பழைய தார் அடுக்கைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டால் என்ன ஆகும் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். எலும்பிலும் அப்படித்தான்: சுரண்டும் செல்கள் பழையதை அகற்றினால்தான் கட்டும் செல்கள் நுண்விரிசல்களைச் சரிசெய்ய முடியும். மாதவிடாய் நின்றபின் சுரண்டல் அளவு மீறிப் போகிறது. பிஸ்பாஸ்போனேட் சுரண்டும் செல்லை முடக்கி எலும்பைக் காக்கிறது. மிக நீண்ட காலம் முடக்கினால் விரிசலைப் பழுதுபார்ப்பதும் தடைபடக்கூடும். மருந்தின் நன்மையும் அதன் அரிய தீங்கும் ஒரே செயலிலிருந்து வருகின்றன. எலும்பில் ஒட்டிய அலென்ட்ரோனேட் பாதியாகக் குறையவே பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

அரிய விளைவுகளுக்குப் போகுமுன் இன்னொரு விஷயம், மாத்திரையை விழுங்கும் முறை. வாய்வழி மருந்தில் ஒரு சதவீதம்கூட உடலில் சேர்வதில்லை. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் சாயாமல் இருக்க வேண்டும். காபியோடு எடுத்தால் சேரும் அந்தச் சிறு அளவிலும் சுமார் 60 சதவீதம் போய்விடும். விடிந்ததும் முதல் டிகாக்‌ஷன் இறங்கும் வீடுகளில் இந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிய கோரிக்கை என்பது மருந்துச் சீட்டு எழுதுகிறவர்களுக்குத் தெரியுமா என்று நான் யோசித்ததுண்டு. ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மருந்து சந்தைக்கு வந்த சில மாதங்களிலேயே, 1996 மார்ச்சுக்குள், உலகெங்கும் சுமார் 4,75,000 பேருக்குக் கொடுக்கப்பட்டதில் 199 உணவுக்குழாய்ப் பாதிப்புகள் பதிவாகியிருந்தன. அவற்றில் 51 கடுமையானவை. விதியை அறிந்து விழுங்கினால் பெருமளவு தவிர்க்கக்கூடியது இது. அந்த விதியோ மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில், எறும்பெழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது.

தாடை

2003-ல் அமெரிக்க வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 36 நோயாளிகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். அவர்களுடைய தாடை எலும்பு ஈறைக் கிழித்து வெளியே தெரிந்தது, ஆறவில்லை. அடுத்த ஆண்டு சால்வடோர் ருஜியேரோவும் சக மருத்துவர்களும் 63 பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் 56 பேர் புற்றுநோய்க்காக நரம்புவழி மருந்து பெற்றவர்கள். எலும்புப்புரைக்காக மாத்திரை எடுத்தவர்கள் 7 பேர் மட்டுமே. எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால், அந்தப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்திராவிட்டால், அதை மருந்தால் வந்த தாடை எலும்பு இறப்பு என்று பின்னர் வரையறுத்தார்கள்.

இந்த நோய்க்கு ஒரு முன்னோடி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் தாடை இப்படித்தான் அழுகியது. 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த நோயும் பேசப்பட்டது. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் சட்டம் 1913-ல் வந்தது. சிவகாசியின் தீப்பெட்டித் தொழில் எழுந்தது அதற்குப் பின், 1920களில். அதனால் தமிழ்நாட்டுத் தொழிலாளர் நினைவில் பாஸ்பரஸ் தாடை இல்லை. அதற்கு வழக்கில் ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை. தொழில்நோய் என்ற வடிவில் இங்கே பரவாத ஒன்று மருந்து விளைவாக வந்து சேர்ந்திருக்கிறது.

அளவு வேறுபாட்டை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு ஜோலட்ரோனிக் அமிலம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை 4 மில்லிகிராம் தருவது வழக்கம். எலும்புப்புரைக்கு ஆண்டுக்கு ஒரே ஒருமுறை 5 மில்லிகிராம். ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். முன்னவர்களில் தாடை எலும்பு இறப்பு 1 முதல் 5 சதவீதம் வரை சொல்லப்படுகிறது. பின்னவர்களுக்கு அமெரிக்க வாய்–முக அறுவை மருத்துவர் சங்கத்தின் 2022 அறிக்கை பத்தாயிரத்தில் 2 முதல் 5 பேர் என்கிறது. 2015-ல் கூடிய ஒரு பன்னாட்டுக் குழுவோ லட்சத்தில் 1 முதல் 10 பேர் என்று மதிப்பிட்டது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐம்பது மடங்கு தூரம். இரண்டையும் நாம் ‘ரேர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குச் சிகிச்சைக்கு வரும் ஒருவரும், அதே அடையாறின் ஓர் அடுக்ககத்தில் ஆண்டு ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவரும் ஒரே மருந்துப் பெயரைச் சொல்லக்கூடும். அபாயம் ஒன்றல்ல. வாட்ஸ்அப்பில் சுற்றும் தாடைப் படங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. புற்றுநோயாளியின் படம் பாட்டியின் மாத்திரையை நிறுத்திவிடுகிறது.

தாடை எலும்பு இறப்பு பெரும்பாலும் பல் பிடுங்கிய இடத்தில் தொடங்குகிறது. ஈறு நோய், சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவை அபாயத்தைக் கூட்டுவதாகக் கருதப்படுகிறது. நம் வீடுகளில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. பல் மருத்துவரிடம் போவது வலி தாங்காத பிறகுதான். ஆகவே பத்தாயிரத்தில் 2 என்ற எண் இங்கே சற்றுக் கூடலாம் என்று எண்ண இடமிருக்கிறது. இது ஊகம்தான்.

தொடை

இரண்டாவது விளைவுக்குச் சாட்சியம் நமக்கு அருகிலிருந்தே வந்தது. 2007-ல் சிங்கப்பூர் எலும்பு மருத்துவர்கள், பெரிய அடி இல்லாமலே தொடையெலும்பின் மேற்பகுதி முறிந்த 13 பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 9 பேர் அலென்ட்ரோனேட் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அந்த 9 பேரில் 5 பேருக்கு முறிவுக்கு முந்தைய மாதங்களிலேயே அந்தப் பக்கம் வலி இருந்திருக்கிறது.

இடுப்பெலும்பு முறிவில் வழுக்கி விழுவது முதலில், முறிவது பின்னால். இங்கே வரிசை தலைகீழாகவும் நடக்கும்: நடக்கும்போதே எலும்பு முறியும், ஆள் விழுவது அதன் பிறகு. எக்ஸ்ரேயில் முறிவு குறுக்கே நேர்கோடாகத் தெரியும். வெளிப்புறத்தில் பறவை அலகு போல ஒரு சிறு புடைப்பு. பலருக்கு மறு தொடையிலும் அதே புடைப்பு காத்திருக்கும். முன்னறிவிப்பான தொடைவலியோ கவட்டைவலியோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கலாம். அந்த நேரத்தில் இரு தொடைகளுக்கும் ஓர் எக்ஸ்ரே எடுத்தால் முழு முறிவைத் தடுக்க வாய்ப்புண்டு. ஆனால் மாம்பலத்துப் பெண்மணிக்குத் தொடை வலித்தால் அது வாயுப் பிடிப்பு, இல்லையென்றால் முதுகிலிருந்து இறங்கும் நரம்பு வலி. நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்ப்பார்கள். வலியையும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையையும் இணைத்துப் பார்க்க யாருக்கும் காரணம் தோன்றாது.

எத்தனை பேருக்கு? ஸ்வீடன் இதை எண்ணிய முறை பார்க்கத்தக்கது. 2008-ல் அந்நாட்டில் தொடையெலும்பு முறிந்த 55 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 12,777 பேர். முறிந்த இடத்தை வைத்துச் சல்லடை போட்டு, 1,234 பேரின் எக்ஸ்ரே படங்களைத் தருவித்து மறுபடி பார்த்தார்கள். 59 பேருக்கு இந்த வகை முறிவு இருந்தது. தேசிய மருந்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது அந்த 59 பேரில் 78 சதவீதத்தினர் பிஸ்பாஸ்போனேட் எடுத்திருந்தது தெரிந்தது. மருந்தை நிறுத்தியபின் அபாயம் ஆண்டுக்கு 70 சதவீதம் என்ற வேகத்தில் இறங்கியது.

அடுத்தது தெற்குக் கலிஃபோர்னியா, 2020-ல் வெளியான ஆய்வு. 1,96,129 பெண்களில் 277 பேருக்கு இந்த முறிவு. மருந்துக் காலம் நீள நீள அபாயம் செங்குத்தாக ஏறியது. பத்தாயிரம் வெள்ளையினப் பெண்கள் மூன்றாண்டு மருந்து எடுத்தால் 149 இடுப்பெலும்பு முறிவுகள் தடுக்கப்படும், 2 தொடை முறிவுகள் விளையும். ஆசியப் பெண்கள் பத்தாயிரம் பேரில் தடுக்கப்படுவது 91, விளைவது 8. எந்த இனமானாலும் நன்மைப் பக்கம் தட்டு தாழ்ந்தே இருக்கிறது. ஆனால் ஆசியர்களுக்குத் தட்டுகளின் இடைவெளி குறைகிறது.

அந்த ‘ஆசியர்’ யார்? அமெரிக்கக் கணக்கில் அது சீனர், பிலிப்பினோ, ஜப்பானியர், கொரியர், வியட்நாமியர், இந்தியர் எல்லோரையும் அள்ளிக்கொள்ளும் ஒரே கூடை. தொடையெலும்பின் வளைவு ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. அந்த வளைவு எல்லா ஆசியருக்கும் ஒன்று போல இல்லை. அதே ஆய்வு குறைந்த உயரமும் கூடிய எடையும் ஓராண்டுக்கு மேலான ஸ்டீராய்டும் அபாயத்தைக் கூட்டுவதாகச் சொல்கிறது. நடேசன் பூங்காவின் காலை நடையில் முதலிரண்டும் கண்ணில் படும் சங்கதிகள். அதற்காக 8 என்ற எண்ணை அப்படியே தமிழ்ப் பெண்கள் மேல் ஒட்ட முடியாது. 2 என்று சொல்லி ஒதுக்கவும் முடியாது.

சோதனையில் இருந்தவர்களும் நம்மவர்களும்

மருந்துச் சோதனைகளே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? கூடாது என்பதைவிட, முடியாது. ஜோலட்ரோனிக் அமிலத்தின் பெரிய சோதனை 2007-ல் வெளியானது. 7,765 பெண்கள், மூன்றாண்டு. அதில் தாடை எலும்பு இறப்பு என்று கருதத்தக்கவை இரண்டே: மருந்துக் குழுவில் ஒன்று, போலி மருந்துக் குழுவில் ஒன்று. பத்தாயிரத்தில் ஒருவருக்கு நேரும் ஒன்றை ஒரு தடவையாவது உறுதியாகக் காண வேண்டுமானால் சுமார் முப்பதாயிரம் பேரைப் பார்க்க வேண்டும் என்பது புள்ளியியலின் எளிய விதி. அரியவை தெரிவது மருந்து விற்பனைக்கு வந்த பிறகுதான்.

அந்தச் சோதனையில் எல்லோருக்கும் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்திருந்தார்கள். திருப்பதியில் சி.வி. ஹரிநாராயண் குழு தென்னிந்தியரிடம் செய்த ஆய்வுகளோ, உணவில் கால்சியம் குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக உண்டு என்று காட்டின. வெயிலுக்குக் குறையில்லாத ஊரில் இது வேடிக்கைதான். இவற்றின் இருப்பைப் பார்க்காமல் ஊசி ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி, கைவிரல் இழுப்பு, மரமரப்பு, அரிதாக வலிப்பு வரை போகலாம். இதே அபாயத்துக்காக, டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இன்னொரு எலும்புப்புரை மருந்தான டெனோசுமாப் ஊசி தருவது பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 ஜனவரியில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்கள் இத்தனை பேர் உள்ள தமிழ்நாட்டில் அதைப் படித்தவர் எத்தனை பேர்?

எண்ணாத ஊர்

முதியோர் மருத்துவத்தில் சென்னை பின்தங்கிய ஊர் இல்லை. 1978-லேயே அரசுப் பொது மருத்துவமனையில் வி.எஸ். நடராஜன் முதியோருக்கான தனிப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. ஆனால் எலும்பு முறிந்தவர் எலும்பு மருத்துவரிடம் போகிறார். தாடை ஆறாதவர் பல் மருத்துவரிடம். ஊசிக்குப் பின் கண் சிவந்து வலிப்பவர் கண் மருத்துவமனைக்கு. கண் உள்ளழற்சியும் இம்மருந்துகளின் அரிய விளைவுகளில் ஒன்றே. மருந்தை எழுதியவர் இந்த மூவரில் யாராகவும் இல்லாமல் இருக்கலாம். சீட்டுகளையும் முறிவுகளையும் சேர்த்துப் பார்க்க ஸ்வீடனில் இருந்தது போன்ற பதிவேடு இங்கே கிடையாது. பழைய அட்டையைப் படமெடுத்து மருந்துக்கடைக்கு அனுப்பினால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஐந்தாண்டில் மறுபரிசீலனை செய்ய வேண்டிய மாத்திரை இப்படியே எட்டாவது, ஒன்பதாவது ஆண்டுக்குள் போகிறது.

மறுமுனையில், தேவையே இல்லாதவர்களுக்கும் மருந்து போகிறது. அடுக்ககங்களிலும் பூங்கா வாசல்களிலும் நடக்கும் இலவச எலும்பு அடர்த்தி முகாம்களில் குதிகாலை ஒரு சிறு இயந்திரத்தில் வைத்து நிமிடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீட்டுத் தருகிறார்கள். உலக சுகாதார அமைப்பின் மைனஸ் 2.5 என்ற எல்லைக்கோடு இடுப்பையும் முதுகையும் டெக்சா என்ற எக்ஸ்ரே அடர்த்திக் கருவியால் அளப்பதற்கு வகுத்தது. குதிகால் அல்ட்ராசவுண்டுக்கு அது பொருந்தாது. சிவப்புச் சீட்டை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கியவருக்கு, நன்மை எவ்வளவு என்று தெரியாத நிலையில் தீமையின் எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் நியாயம் இல்லை.

மருந்துத் தீங்குகளைத் திரட்ட நம்மிடம் அமைப்பே இல்லை என்பதில்லை. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-ல் தொடங்கி, 2011 முதல் காசியாபாத்தின் இந்திய மருந்தியல் நூல் ஆணையத்திலிருந்து நடக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரி உள்பட நாடெங்கும் அதற்கு மையங்கள் உண்டு. தானாக முன்வந்து அறிவிப்பதை நம்பும் எந்த நாட்டிலும் அறிவிப்புகள் குறைவு: பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2006-ன் மதிப்பீடு ஒன்று, இடைநிலையாக 94 சதவீத விளைவுகள் பதிவாகாமலே போவதாகச் சொன்னது.

பயத்தின் விலை

இவ்வளவையும் படித்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போட நினைப்பவருக்கு மறு தட்டைக் காட்டாவிட்டால் நான் எழுதியது பாதிப் பொய்யாகிவிடும். 1996-ன் அலென்ட்ரோனேட் சோதனையில், முன்பே முதுகெலும்பு நொறுங்கிய பெண்களில் போலி மருந்து பெற்ற 1,005 பேரில் 22 பேருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மருந்து பெற்ற 1,022 பேரில் 11 பேருக்கு. பாதி. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டைத் தாண்டுவதில்லை; தாண்டியவர்களில் பலர் குளியலறைக்குக்கூடத் துணை வேண்டியவர்கள் ஆகிறார்கள். அமெரிக்காவில் பக்கவிளைவுச் செய்திகள் பரவியபின் 2008-க்கும் 2012-க்கும் இடையில் பிஸ்பாஸ்போனேட் பயன்பாடு பாதிக்கும் கீழே சரிந்தது. மருந்து தேவைப்பட்டவர்களும் அந்தச் சரிவில் அடங்குவார்கள்.

நிறுத்துவது என்பதும் எல்லா மருந்துக்கும் ஒன்றல்ல. ஐந்தாண்டு அலென்ட்ரோனேட் எடுத்தவர்களில் ஒரு பகுதியினரை நிறுத்தச் செய்து, மறு பகுதியினரைப் பத்தாண்டு வரை தொடரச் செய்த சோதனை 2006-ல் வந்தது. முதுகெலும்பு அல்லாத முறிவுகளில் வேறுபாடு தெரியவில்லை. வலியோடு வெளிப்பட்ட முதுகெலும்பு முறிவு நிறுத்தியவர்களில் 5.3 சதவீதம், தொடர்ந்தவர்களில் 2.4. ஆகவே அபாயம் குறைந்தவர்களுக்கு ஐந்தாண்டு மாத்திரைக்குப் பின்னும், மூன்றாண்டு ஊசிக்குப் பின்னும் இடைவேளை தருவது இன்றைய வழக்கம். டெனோசுமாப் நேரெதிர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசியை மாற்று மருந்தில்லாமல் விட்டால், அடக்கி வைத்த சுரண்டல் வெள்ளமாகத் திரும்புகிறது. முதுகெலும்பு முறிவு விகிதம் நூறு பேருக்கு ஆண்டுக்கு 1.2-லிருந்து 7.1-ஆக ஏறியதைச் சோதனைத் தரவு காட்டியது. நியூஜெர்சியிலிருந்து மகன் அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு அடுத்த ஊசியைத் தவிர்க்கும் அம்மாவுக்கு, எந்த ஊசி என்பதுதான் உயிரான கேள்வி.

என் தீர்ப்பு இதுதான். ஏற்கெனவே முறிவு கண்டவர்களுக்கும், டெக்சா அளவும் வயதும் சேர்ந்து அபாயம் காட்டுகிறவர்களுக்கும் இம்மருந்துகள் தகும். குதிகால் சீட்டுக்குத் தகா. எலும்பு மருந்தின் பெயரும் தொடங்கிய தேதியும் கடைசி ஊசியின் தேதியும் மருந்துப் பட்டியல் தாளில் சுகர் மாத்திரைக்கு மேலே, முதல் வரியில் எழுதப்பட வேண்டும். பல் பிடுங்கும் முன் அந்தத் தாளைக் காட்டுங்கள். தொடையோ கவட்டையோ வாரக்கணக்கில் வலித்தால், இந்த மருந்து எடுப்பதைச் சொல்லி இரு பக்கமும் எக்ஸ்ரே கேளுங்கள். ஏதேனும் நேர்ந்தால் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிவியுங்கள். மருத்துவர்தான் அறிவிக்க வேண்டும் என்று இல்லை. நோயாளிக்கென்றே தனிப் படிவம் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.